நூறு மைல் பாதை

நுழையும்முன்

பதினோராம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் மாணவர் பலருக்கு அரசு விலையின்றி வழங்கும் மிதிவண்டி கிடைக்கிறது. வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையிலான ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவைக் கடப்பதே அதன் அன்றாடப் பணி. அதே வண்டியில் ஒரே பகற்பொழுதில் நூறு மைல், அதாவது 161 கிலோமீட்டர், செல்ல இயலுமா? இயலும் என்பதே உலகெங்கும் உள்ள நெடுந்தொலைவு மிதிவண்டியாளர்களின் பட்டறிவு. அதற்குத் தேவையானது பெரும் வலிமையன்று. உடலையும் காற்றையும் சாலையையும் பற்றிய தெளிவும், அவசரமற்ற மனமுமே. அத்தெளிவைத் தருகிறது இக்கட்டுரை.

செஞ்சுரியின் பிறப்பு

மட்டைப்பந்தாட்டத்தில் நூறு ஓட்டங்களைச் ‘செஞ்சுரி’ என்பதுபோல, மிதிவண்டி உலகிலும் ஒரே நாளில் கடக்கும் நூறு மைலைச் ‘செஞ்சுரி’ என்றே வழங்குகின்றனர். இவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றியது. 1817இல் செருமானியரான கார்ல் டிரைஸ் உருவாக்கிய இருசக்கர ஊர்தியில் மிதியே இல்லை. கால்களால் தரையை உந்தித்தான் அதனை நகர்த்த வேண்டும். பின்னர் முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த வண்டிகள் வந்தன. அவற்றிலிருந்து விழுந்தோர் தலைகுப்புற விழுந்தனர். 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட வண்டியை அறிமுகப்படுத்தினார். 1888இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இவ்விரண்டும் இணைந்த பின்னரே நெடுந்தொலைவு என்பது எளியோர்க்கும் எட்டும் கனியாயிற்று.

1891இல் பிரான்சு நாட்டில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகர் சென்று மீளும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர்ப் பந்தயம் நடந்தது. சார்லஸ் தெரோன் என்பவர் 72 மணி நேரத்திற்குள் அதனை முடித்து வென்றார். இந்தியர்களும் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். 1923இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றி வரப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர், ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் கடந்து 1928இல் ஊர் திரும்பினர். அவர்களிடம் பல்லிணைப் பற்சக்கரமும் இல்லை. வழிகாட்டும் கைப்பேசியும் இல்லை.

போட்டியன்று, பயணம்

நெடுந்தொலைவுப் பயணம் என்றவுடன் முந்துவதும் வெல்வதும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும் இக்கலையின் உயிர்நாடி வேறு. ‘ரான்டனர்’ எனப்படும் நெடும்பயண மிதிவண்டியாளர்கள், குறித்த தொலைவைக் குறித்த நேரத்திற்குள் கடந்தால் போதும் என்னும் நெறியைப் பின்பற்றுகின்றனர். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம், 400 கிலோமீட்டருக்கு 27 மணி நேரம், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் என வரம்புகள் உள்ளன. இந்நான்கையும் ஒரே பருவ ஆண்டில் நிறைவு செய்தோர் ‘சூப்பர் ரான்டனர்’ எனப்படுவர். இந்தியாவில் இப்பயணங்களை ‘ஆடாக்ஸ் இந்தியா ரான்டனர்ஸ்’ அமைப்பு ஒருங்கிணைக்கிறது. தமிழ்நாட்டிலும் இவை நடைபெறுகின்றன.

இப்பயணங்களில் முதலிடம், இரண்டாமிடம் என்னும் வரிசை இல்லை. முதலில் வந்தவரும் இறுதி நிமிடத்தில் வந்தவரும் ஒரே சிறப்பினைப் பெறுவர். வழியில் வண்டி பழுதானால் தாமே சரிசெய்துகொள்ள வேண்டும். உணவையும் நீரையும் தாமே தேடிக்கொள்ள வேண்டும். ஆகவே இது பிறரை வெல்லும் ஆட்டமன்று. தன்னைத் தானே பேணிக்கொள்ளும் பயிற்சி.

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு சுற்று

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில், சிவனும் திருமாலும் ஓருருவாய் அமைந்த சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் புகழ்பெற்ற ஊர். விசைத்தறிகளின் ஓசை ஓயாத ஊரும்கூட. நூறு மைல் சுற்றினை விளக்க இவ்வூர் மிகவும் ஏற்றது.

சங்கரன்கோவிலிலிருந்து தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலி ஏறத்தாழ 56 கிலோமீட்டர். அங்கிருந்து கயத்தாறு வழியாகக் கோவில்பட்டி ஏறத்தாழ அதே அளவு தொலைவு. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை வழியாகச் சங்கரன்கோவில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இம்மூன்று பக்கங்களும் சேர்ந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கொண்ட முக்கோணம் ஆகின்றன. திருநெல்வேலியில் தாமிரபரணியைக் கடந்து பாளையங்கோட்டை வரை சென்று திரும்பினால் நூறு மைலும் நிறைவுறும்.

இம்முக்கோணத்தில் செங்குத்தான மலையேற்றம் இல்லை; ஆனால் வரலாறு உண்டு. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம் கயத்தாறு. அதற்கும் கோவில்பட்டிக்கும் இடையில் உள்ள இடைசெவல், கரிசல் இலக்கியத்தின் தாய்மடி, கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் பிறந்த சிற்றூர். கழுகுமலையில் ஒற்றைப் பாறையில் குடையப்பட்ட பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் உள்ளன. பேருந்தில் செல்வோருக்கு இவை பெயர்ப்பலகைகள். மிதிவண்டியில் செல்வோருக்கோ ஒவ்வோர் ஊரும் ஒரு நிழல், ஒரு குடிநீர்க் குழாய், ஒரு தேநீர்க் கடை.

காற்றின் கணக்கு

சமதளச் சாலையில் மிதிவண்டியாளரின் முதன்மையான எதிரி காற்றே. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தை 30 ஆக உயர்த்தினால், காற்றின் தடை இரண்டேகால் மடங்காகிறது. அத்தடையை வெல்ல ஒவ்வொரு நொடியும் செலவிடும் ஆற்றலோ ஏறத்தாழ மூன்றரை மடங்கை எட்டுகிறது. காலையில் உற்சாக மிகுதியால் விரைந்து செல்பவர் பிற்பகலில் தளர்ந்து விழுவதன் இயற்பியல் காரணம் இதுவே. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை எதிர்த்து அதே வேகத்தில் காற்று வீசினால், தடை நான்கு மடங்காகும். அந்நேரத்தில் வேகத்தைக் குறைப்பதே அறிவுடைமை. ‘எவ்வளவு வேகம்?’ என்று கேட்பதை விடுத்து ‘எவ்வளவு முயற்சி?’ என்று கேட்கப் பழக வேண்டும். உடன் வருபவரோடு மூச்சு வாங்காமல் முழுத்தொடராகப் பேச இயலுமாயின், அம்முயற்சி நாள் முழுதும் தாங்கத்தக்கது.

இம்முக்கோணத்தில் எத்திசையில் சுற்றுவது என்பதையும் காற்றே முடிவு செய்ய வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத்தொடர்ச்சி மலையின் கணவாய்களூடே மேல்காற்று வலுவாக வீசுகிறது. கயத்தாற்றுப் பகுதியில் நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சான்று. கோவில்பட்டி சங்கரன்கோவிலுக்கு நேர்கிழக்கே உள்ளது. எனவே அம்மாதங்களில் திருநெல்வேலிக்கு முதலில் சென்று, கோவில்பட்டி வழியாகத் திரும்புபவர், உடல் சோர்ந்த இறுதி 40 கிலோமீட்டரில் மேல்காற்றை நேர்முகமாக எதிர்கொள்ள நேரும். அவர் சுற்றும் திசையை மாற்றிக்கொள்வது நலம். தை மாதத்திலோ நிலை தலைகீழ். வடகிழக்கிலிருந்து வரும் மென்காற்று, அதே இறுதிக் கட்டத்தில் முதுகிலிருந்து தள்ளிக்கொடுக்கும். வெயிலும் அப்போது தணிந்திருக்கும். முதல் நூறு மைலுக்குத் தை மாதமே தக்க பருவம்.

வண்டியும் உடலும்

பந்தயச் சாலை மிதிவண்டி எட்டு முதல் பத்துக் கிலோ எடையுள்ளது. ஊர்களில் காணும் வழக்கமான மிதிவண்டி ஏறத்தாழ அதன் இருமடங்கு எடை கொண்டது. எடை குறைந்த வண்டி எளிதாகச் செல்லும் என்பது உண்மையே. ஆயினும் சமதளத்தில், வண்டியின் விலையைவிட அதில் அமரும் முறையே மிகுதியான வேறுபாட்டை உண்டாக்கும். இருக்கையில் அமர்ந்து, மிதியைக் கீழ்நிலைக்குக் கொணர்ந்து, அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பின்னர் பாதத்தின் முற்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே வளைந்திருக்கும். அதுவே சரியான உயரம். முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை தாழ்வாக இருக்கலாம். பின்புறம் வலித்தால் உயரமாக இருக்கலாம். பள்ளிக்குச் செல்லும் ஐந்து கிலோமீட்டரில் இப்பிழை தெரியாது. 161 கிலோமீட்டருக்குக் கால்கள் ஏறத்தாழ முப்பதாயிரம் முறைக்கும் மேலாகச் சுழல வேண்டியிருப்பதால், ஒரு விரற்கடைப் பிழையும் பெருநோவாய் வளரும்.

கரிசல் காட்டுச் சாலைகளில் கருவேல முள் பஞ்சருக்குப் பெரும் காரணம். ஆகவே மாற்று ட்யூப், ஒட்டுப் போடும் பொருள்கள், டயர் கழற்றும் நெம்புகோல், கைப்பம்பு ஆகியவை வேண்டும். அவற்றைப் பயன்படுத்தும் பழக்கமும் வேண்டும். ட்யூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி, ஒடிந்து தங்கிய முள்முனையை அகற்ற வேண்டும். அதனை மறந்தவர் அடுத்த கிலோமீட்டரிலேயே மீண்டும் இறங்க நேரும்.

உடலையும் படிப்படியாகவே பழக்க வேண்டும். பன்னிரண்டு வாரப் பயிற்சி போதுமானது. முதல் வார இறுதியில் 30 கிலோமீட்டர் செல்பவர், வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, எட்டாம் வார அளவில் 75 கிலோமீட்டரையும் பதினோராம் வாரத்தில் 110 கிலோமீட்டரையும் எட்டலாம். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தொலைவைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தருதல் இன்றியமையாதது. தசைகள் வலுப்பெறுவது ஓட்டத்தின்போதன்று, ஓய்வின்போதே. 110 கிலோமீட்டர் சென்றவருக்கு 161 கிலோமீட்டர் எட்டாத தொலைவன்று. எஞ்சியதைச் சீரான வேகமும் உணவும் பார்த்துக்கொள்ளும்.

பசிக்கும் முன் உணவு

மனித உடல், மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கிறது. அச்சேமிப்பு ஏறத்தாழ 500 கிராம்; அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2,000 கிலோகலோரி. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 161 கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3,500 முதல் 4,000 கிலோகலோரி செலவாகும். உடற்கொழுப்பும் ஆற்றலைத் தரும். ஆனால் மெதுவாகவே தரும். ஆகவே வழியில் உண்ணாதவர் பெரும்பாலும் பயணத்தின் பிற்பாதியில் திடீரென ஆற்றல் வற்றி நிற்பார். கால்கள் கனக்கும், கைகள் நடுங்கும், காரணமின்றிச் சினமும் அழுகையும் வரும். இது மனவலிமைக் குறைவன்று; வெறும் எரிபொருள் தட்டுப்பாடு.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. முதல் ஒரு மணி நேரத்திலிருந்தே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உட்கொள்ள வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்து உண்டு. இதற்கு விலையுயர்ந்த பொட்டல உணவுகள் தேவையில்லை. இட்லி, வாழைப்பழம், கருப்பட்டி ஆகியவையே போதும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இப்பாதையிலேயே கிடைக்கிறது. எண்ணெய் மிகுந்த உணவு செரிக்க நேரமாகும். அதனைப் பயணம் முடிந்தபின் உண்ணலாம்.

நீரிலும் அளவு வேண்டும். வெப்பநிலைக்கேற்ப மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் அல்லது அதற்கு மேலும் வியர்வை வெளியேறலாம். வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. தாகத்தை மீறி வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் குருதியில் சோடியத்தின் அளவு குறைந்து, தலைவலியும் குமட்டலும் மயக்கமும் வரலாம். ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசல் ஏற்றது. உப்பிட்ட மோரும் நீராகாரமும் தலைமுறை தலைமுறையாக உழவர்கள் வயலுக்கு எடுத்துச் சென்ற அருமருந்துகள்.

தெரிந்து தெளிவோம்

வெயிலில் செல்லும்போது தலைசுற்றல், குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், உடல் மிகச் சூடாதல் ஆகியவை தோன்றினால் அது வெப்பவாதத்தின் அறிகுறியாகலாம். ‘இன்னும் பத்துக் கிலோமீட்டர்தானே’ என்று தொடர்தல் உயிருக்கே ஊறு செய்யும். உடனே நிழலில் படுக்கவைத்து, உடலில் நீரூற்றி விசிறிக் குளிர்விக்க வேண்டும். காலந்தாழ்த்தாமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

ஒரு நாளின் பகுப்பு

161 கிலோமீட்டர் என்று நினைத்தால் மலைப்பு வரும். நெடும்பயணிகள் தொலைவை ஊர்களாகப் பகுத்துக்கொள்வர். தை மாத விடியலில், முன்விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் பொருத்தி, ஐந்து மணிக்குச் சங்கரன்கோவிலிலிருந்து புறப்படுபவர், எட்டு மணி அளவில் திருநெல்வேலியை அடையலாம். அங்குக் காலை உணவு, அரைமணி ஓய்வு. பாளையங்கோட்டை சென்று திரும்பி, வடக்கு நோக்கிச் சென்றால் பன்னிரண்டரை மணிக்குள் கோவில்பட்டி. உச்சி வெயில் தணியும் வரை அங்கு ஓய்வு. இரண்டரை மணிக்குப் புறப்பட்டால் மாலை ஐந்து மணி அளவில், கதிரவன் மறையும் முன்னரே, சங்கரன்கோவில் இராச கோபுரம் கண்ணிற்படும். இதில் வண்டி ஓட்டும் நேரம் எட்டு மணி. எஞ்சியவை ஓய்வும் உணவும்.

மூன்றாம் கட்டமே மனத்தைச் சோதிக்கும். புறப்பட்டபோதிருந்த ஆர்வம் தணிந்திருக்கும். முடிவோ இன்னும் தொலைவில் இருக்கும். அந்நேரத்தில் மொத்தத் தொலைவை எண்ணாமல், அடுத்த ஊரை மட்டும் எண்ணுவர் பழகியோர். கழுகுமலையின் பாறை தெரிகிறதா? அதுவரை செல்லலாம். அங்கு நீர் அருந்தியபின் அடுத்ததை எண்ணலாம். பெரிய பாடநூலை ஒரே இரவில் படிக்க முனைவோர்க்கும் இவ்வுத்தி பொருந்தும்.

திரும்பிவிடுவதும் இக்கலையின் ஒரு பகுதியே. உடல் நலிந்தாலோ வண்டி பழுதானாலோ பேருந்திலோ தொடர்வண்டியிலோ ஊர் திரும்புதல் தோல்வியன்று. சாலை நாளையும் அங்கேயே இருக்கும்.

சாலையில் பலர்

திருநெல்வேலி–கோவில்பட்டிச் சாலை, கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. சரக்குந்துகளும் பேருந்துகளும் விரைந்து செல்லும் அச்சாலையில் இணைப்புச் சாலை உள்ள இடங்களில் அதனையும், பிற இடங்களில் இடப்புற ஓரத்தையும் பயன்படுத்த வேண்டும். தலைக்கவசமும் பளிச்சிடும் வண்ண ஆடையும் கட்டாயம். இருவர் இணையாகச் செல்லுதல், காதில் கேட்பொறி பொருத்துதல், சரக்குந்தின் பின்னே ஒட்டிச் செல்லுதல் ஆகியவை கூடா. பள்ளி மாணவர், பெற்றோரின் இசைவும் பழகிய பெரியவரின் துணையும் இன்றி நெடுஞ்சாலையில் நெடும்பயணம் மேற்கொள்ளலாகாது. முதலில் 25 கிலோமீட்டர், பின்னர் 50, பின்னர் 100 என ஊரகச் சாலைகளில் பழகுவதே ஏற்புடையது.

மிதிவண்டி தந்த விடுதலை

மிதிவண்டிப் பயணத்தின் பயன் தொலைவினால் மட்டும் அளக்கப்படுவதன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் மகளிர்க்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத். கல்லுடைப்போரும் கூலி வேலை செய்வோருமாகிய பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பேருந்துக்காகவும் தந்தைக்காகவும் கணவனுக்காகவும் காத்திருந்தோர், தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றித் தாமே புறப்பட்டனர். ஏளனம் செய்தோர் இருந்தனர். ஆயினும் வண்டிகள் நிற்கவில்லை. அவர்களுள் எவரும் நூறு மைல் செல்ல எண்ணியவர் அல்லர். அவர்கள் கடந்த தொலைவோ அதனினும் பெரிது.

பள்ளிக்கூடம் எட்டாத் தொலைவில் இருப்பதால் படிப்பை நிறுத்தும் நிலை எவர்க்கும் வரலாகாது என்னும் நோக்கமே விலையில்லா மிதிவண்டித் திட்டத்தின் அடிப்படை. ஆயினும் சில வீடுகளில் அவ்வண்டி சில மாதங்களிலேயே துருவேறிச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. சில வீடுகளில் மகளுக்கு வந்த வண்டி மகனின் வண்டியாகிவிடுகிறது. சங்கிலிக்கு எண்ணெய் இடவும், பஞ்சர் ஒட்டவும், இருக்கையைத் தன் உயரத்திற்கேற்பப் பொருத்தவும் தெரிந்தவரிடமிருந்து அவ்வண்டியை எவரும் எளிதில் வாங்கிவிட இயலாது. கருவியைப் பேணத் தெரிந்தவரே அதன் உண்மையான உரிமையாளர்.

நூறு மைலை எல்லாரும் கடக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எவ்வளவு பெரிய தொலைவும் அடுத்த ஊர், அடுத்த நிழல், அடுத்த மிதி எனச் சிறு சிறு பகுதிகளால் ஆனதே என்பதை உடலால் உணர்வதற்கு மிதிவண்டியைப்போல் எளிய ஆசான் வேறில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரை மையமாகக் கொண்டு 25 கிலோமீட்டர் மிதிவண்டிச் சுற்றுப்பாதை ஒன்றை வரைக. அதில் குடிநீர், நிழல், பழுதுபார்க்கும் கடை ஆகியவற்றைக் குறிக்க.

2. ஆடி, தை ஆகிய இரு மாதங்களில் உங்கள் ஊரில் காற்று வீசும் திசையைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அப்பாதையில் எத்திசையில் சுற்றுவது எளிது எனக் காரணத்துடன் எழுதுக.

3. ‘கருவியைப் பேணத் தெரிந்தவரே அதன் உண்மையான உரிமையாளர்’ – இக்கருத்தினை ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் கலந்துரையாடுக.